கடைசிக் கொக்குப் பேணி

என் கணவர் சுங்கான் பிடிப்பவர். இங்கே பிள்ளைகள் அதைப் பைப் என்பார்கள். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்காக இருந்த காலத்தில் பழகியது. அவருடைய துரை சீமைக்குத் திரும்பும்போது ஒரு சுங்கானையும் ஒரு தகரப் பேணி புகையிலையையும் இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினாராம். துரை போனார். பழக்கம் தங்கிவிட்டது.

நான் சுருட்டுக்காரி. என் தாயும் பிடித்தார், நானும் பிடித்தேன். எவருக்கும் ஒளித்துப் பிடித்ததில்லை. எண்பதுகளின் நடுவில் மகன் எங்களை லண்டன் எட்மண்டனில் இருந்த தன் வீட்டுக்கு எடுப்பித்தபோது, இங்கத்தைய சுருட்டு ஒன்றை வாங்கிப் பற்றிப் பார்த்தேன். வாழைச்சருகைச் சுற்றிக் கொளுத்தியதுபோல இருந்தது. அன்றோடு விட்டுவிட்டேன். ஒருவரும் விடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அவருக்கு மட்டும் இந்த ஊர் ஒரு நன்மை செய்தது. துரை கொடுத்த அதே புகையிலை இங்கே ஒரு கடையில் இருந்தது. கொழும்பில் அது முடிந்தபிறகு கிடைத்ததையெல்லாம் போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தவர், பெருந்தெருவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தப் பேணியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். என்னையும் கையில் பிடித்து நிறுத்தினார். வட்டமான தட்டைப் பேணி, சிவப்பு மூடி, மூடியில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு பறவை. அதில் எழுதியிருந்ததை என்னால் வாசிக்க முடியாது. நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும்தான், அதுவும் தமிழ். ஆனால் கொக்கைக் கண்டால் கொக்கென்று தெரியும். வீட்டில் அதற்குக் கொக்குப் பேணி என்று பெயர் வந்தது அப்படித்தான்.

அந்தப் பேணியைத் திறப்பது அவருக்கு ஒரு பூசை மாதிரி. காற்றுப் புகாமல் இறுக்கி மூடியிருப்பார்கள். நகத்தால் திறக்க முடியாது. அவரிடம் இலங்கைச் சதுர ஐந்து சத நாணயக் குற்றி ஒன்று இருந்தது. அதை மூடியின் விளிம்புக்குள் செருகி மெல்லத் திருப்புவார். "உஸ்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகப் பேணியை என் காதோரம் கொண்டுவருவார்.

"கேட்டதே? அடைச்ச வருசத்துக் காத்து உள்ளுக்கை இருந்தது. இப்பத்தான் வெளிக்கிட்டுப் போகுது."

"போற காத்தைக் கேட்டு நான் என்ன செய்யிறது? மணத்தை விடுங்கோ பாப்பம்" என்பேன்.

ஏனென்றால் எனக்கு வேண்டியது மணம். அவர் பற்றவைத்ததும் அறை முழுக்க ஒரு வாசம் எழும்பும். அது என்ன வாசம் என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கள் வீட்டில் புகையிலையை உலர்த்திப் பாடம் போட்டவர்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு இலையை மூக்கில் காட்டினால், அது எப்படிப் பாடம் போட்ட இலை என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் மூக்குக்கு ஒரு சின்னத் தகரப் பேணி ஆட்டம் காட்டியது. அதை நான் எளிதில் விடுவேனா.

"பனங்கட்டி போட்டிருக்கிறாங்கள்" என்பேன்.

அவர் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் புகையை வைத்திருந்துவிட்டுத் தலையாட்டுவார். "இல்லை."

"முந்திரிகை வத்தல்?"

"இல்லையப்பா. இதிலை இனிப்பே இல்லை."

"எனக்கு இனிப்பாத்தானே மணக்குது."

"நீர் மூக்கைக் கொண்டுபோய் டொக்டரிட்டைக் காட்டும்."

இது எங்களுக்குள் வருடக்கணக்காக நடந்தது. மாலையில் அவர் யன்னலோரக் கதிரையில், நான் எதிரே சோபாவில். ஏலக்காய் என்று சொல்லிப் பார்த்தேன். ஈர மரப்பட்டை என்றேன். ஒருநாள் கோபத்தில் "செருப்புத் தோல்" என்று சொன்னேன். அதற்கு மட்டும் யோசித்து, "கிட்ட வந்திட்டீர்" என்றார். அது எனக்கு இன்னும் கோபம்.

ஒரு மழை நாளில் பேணி வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். இவரைக் கண்டதும் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு ஏதோ தணிந்த குரலில் சொன்னார். என் கணவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் சீலைத் தலைப்பைச் சரிப்படுத்திக்கொண்டு நின்றேன். பிறகு கடைக்காரர் ஏணி வைத்து ஏறி, மேல் தட்டில் மிஞ்சியிருந்த கொக்குப் பேணிகளை இறக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ரெயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்ன செய்தி என்று கேட்டேன்.

"இனி இதைச் செய்யமாட்டினமாம். கம்பனி நிப்பாட்டிப் போட்டுது."

"ஏனாம்?"

"பிடிக்கிற ஆக்கள் குறைஞ்சு போச்சினமாம்."

"நீங்கள் ஒராள் இருக்கிறியளே. சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அதுக்குத்தான் அந்த மனிசனுக்குக் கண் கலங்கினது."

அன்றிலிருந்து அவர் புகைப்பதே மாறிவிட்டது. தினமும் பிடித்தவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிடிக்கத் தொடங்கினார். மற்ற நாட்களில் வேறு ஏதோ மலிவுப் புகையிலை. அதற்கு ஈரச் சாக்கின் மணம். பேணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசிப் பேணி வந்தபோது அதைத் துடைத்து, படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில், என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை ஊருக்குத் திரும்பிப் போற அண்டைக்குத்தான் உடைக்கிறது. டிக்கெட் கையிலை வரட்டும்" என்றார்.

ஊரில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் எங்களில் எல்லாரும் அப்படி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் புதுச் சப்பாத்தை வைத்திருந்தார், இன்னொருவர் நல்ல பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். அதனால் எனக்கு அது புதுமையாகப் படவில்லை. சமாதானம் பேசுகிறார்களாம் என்று ஒரு செய்தி வந்தால் பேணியை இறக்கி மேசையில் வைப்பார். காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஆட்டிப் பார்ப்பார். பேச்சு முறிந்தது என்று வானொலியில் கேட்டதும் திரும்ப ஏற்றிவிடுவார். அப்படி எத்தனையோ தரம் ஏறி இறங்கியது. நான் ஒருநாள், "அது உள்ளுக்கை இன்னும் நல்லாத்தான் இருக்குதோ, இல்லாட்டி தூளாப் போச்சோ, ஒருக்காத் திறந்து பாத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"திறந்தால் பிறகு மூடேலாது. காத்துப் பட்டால் காஞ்சிடும்" என்றார்.

பிறகு நெஞ்சு நோ வந்தது. டொக்டர் புகைத்தலே கூடாது என்றுவிட்டார். அதன்பின் வெறும் சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருப்பார். புகையும் இல்லை, மணமும் இல்லை. நானும் பழக்கத்தில் எதிரே இருப்பேன். ஒரு பனிக்காலத்தில் போய்விட்டார். அந்தக் கதையை இங்கே எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வீட்டில் படைத்தார்கள். எங்களுக்கு அது முறை. போனவருக்கு எதெது விருப்பமோ அதையெல்லாம் தலைவாழையிலையில் வைத்துப் படைத்து, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது. அவர் வந்து சாப்பிட்டுப் போவார். பிறகு அதை வீட்டார் எடுத்துச் சாப்பிட வேண்டும். படைத்ததில் ஒன்றையும் எறிவதோ எடுத்துப் பூட்டி வைப்பதோ கிடையாது. அன்று நான் மூலையில் ஒடுங்கிப்போய் இருந்தேன். மகன்தான் எல்லாவற்றையும் வைத்தான். மீன்குழம்பு, இடியப்பம், அவருக்குப் பிடித்த இஞ்சிச் சோடா, நடுவில் சுங்கானும் கொக்குப் பேணியும். முடிந்ததும் பேணி திரும்ப அலுமாரிக்குப் போய்விட்டது.

நான் இதை யோசித்ததே இல்லை, ஈஸ்ட் ஹாமில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுத் திவசத்துக்குப் போகும்வரைக்கும். அங்கே அந்த வீட்டுக்காரி இலைக்குப் பக்கத்தில் நின்று மகளை ஏசிக்கொண்டிருந்தாள்.

"சோடாவை உடைச்சு வையடி. மூடியோடை வைச்சால் உன்ரை கொப்பர் என்ன பல்லாலை கடிச்சே திறக்கிறது? உயிரோடை இருக்கேக்கையே அவருக்குப் பல்லில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் மூடியைத் திறந்தாள். வாழைப்பழத்தின் நுனித் தோலை உரித்தாள். தேங்காயை உடைத்து வைத்திருந்தார்கள். வெற்றிலைக்குப் பக்கத்தில் பாக்கைச் சீவி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படையலில் மூடினபடி ஒரு சாமானும் வைப்பதில்லை என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம். நாங்கள் அவருக்குக் கொக்குப் பேணியை மூடினபடி வைத்துவிட்டோம். ஐந்து சதக் குற்றியையும் வைக்கவில்லை. அந்த மனுசன் வந்து பார்த்துவிட்டு வெறும் கையோடு போயிருப்பார்.

ரெயிலில் வரும்போது மகனிடம் சொன்னேன்.

"தம்பி, கொப்பருக்குப் பேணியை மூடினபடியெல்லோ படைச்சிருக்கிறம்."

"தெரிஞ்சுதான் வைச்சனான் அம்மா. திறந்தால் பழுதாப் போயிடும். உலகத்திலேயே இனி அது கிடைக்காது."

"ஆருக்கு வைச்சிருக்கிறாய்?"

"அப்பா சொன்னவரெல்லே, ஊருக்குப் போற அண்டைக்கெண்டு. நாங்கள் போகேக்கை கொண்டுபோவம்."

அவன் சொன்னதும் நியாயம்தான். அவனுக்கும் தகப்பனின் சாமான் என்று கையில் மிஞ்சியது அதுதான். மருமகள் கண்ணாடி அலுமாரியில், படத்துக்குப் பக்கத்தில் வைப்போம் என்றாள். நல்ல பிள்ளை. எந்தச் சண்டையிலும் நடுவில் ஒரு கண்ணாடி அலுமாரியைக் கொண்டுவந்து வைப்பாள்.

நான் வேறு ஒரு வழி பார்த்தேன். இன்னொரு பேணி கிடைத்தால் இதை உடைக்க வேண்டாம்தானே. மருமகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய கடைக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் வாழ்த்து அட்டையும் பலூனும் விற்றார்கள். உள்ளே போய், மேல் தட்டைப் பார்த்தேன். அங்கே துணியால் செய்த கரடிகள் இருந்தன. வேலை செய்த பெண்ணிடம் மருமகள் விசாரித்தாள். அந்தப் பிள்ளைக்கு அங்கே புகையிலை விற்ற கதையே தெரியவில்லை.

"இல்லையாம் மாமி."

"ஓம். அவளின்ரை முகத்திலேயே தெரியுது."

அதன்பின் முதல் வருட ஆட்டைத் திவசம் வரும்வரைக்கும் எனக்கு இதே யோசனை. தேத்தண்ணீர் ஆற்றும்போதும், விம்பிள்டன் கோயிலில் பிள்ளையாரைச் சுற்றும்போதும். உடைத்தால் அவர் சொன்ன சொல்லை மீறுவது. உடைக்காவிட்டால் அவருக்குப் படைக்காதது. இரண்டும் அவருக்கே செய்வது. சில நாட்களில் அலுமாரியைத் திறந்து, பேணியை எடுத்து, அவர் செய்ததுபோலக் காதில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல அசையும். மூடி இடுக்கில் மூக்கை வைத்தால் தகர வாசம் மட்டும்தான் வரும். மணத்தையும் அவர் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று எனக்குள் ஒரு எரிச்சல்.

உண்மையைச் சொல்லப்போனால் முடிவைக் கொண்டுவந்தது அந்த எரிச்சல்தான். டிக்கெட் கையில் வரட்டும் என்றவர் இனி எந்த டிக்கெட்டையும் கையில் வாங்கப் போவதில்லை. அப்படியென்றால் பேணி யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? நாங்கள் ஊருக்குப் போனாலும் அங்கே அதைப் பிடிக்க ஆளில்லை. என் மூக்கும் வரவர மழுங்கிக்கொண்டு போகிறது. இன்னும் சில வருடம் போனால் அதைத் திறந்தாலும் நான் அறியப்போவதில்லை.

திவசத்தன்று காலையில் குளித்துவிட்டு, அவருடைய பழைய பேர்ஸை எடுத்து அந்தச் சதுரக் குற்றியைத் தேடினேன். அடியில் இருந்தது. சமையல் முடிந்து, இலை போட்டு, எல்லாம் வைத்தானபிறகு பேணியைக் கொண்டுபோய் மகனுக்கு முன்னால் வைத்தேன்.

"உடை."

"அம்மா, ஒருக்கா யோசியுங்கோ. திருப்பி மூடேலாது."

"ஒரு வருசமா யோசிச்சிட்டன். நீ உடைக்கிறியோ, நான் உடைக்கட்டோ?"

அவன் குற்றியை வாங்கவில்லை. பேணியையும் எடுக்கவில்லை. மருமகளைப் பார்த்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பேணியை மடியில் வைத்து, குற்றியை விளிம்பில் செருகினேன். அவர் திருப்புவதைப் பலதரம் பார்த்திருந்தும் என் கைக்கு வரவில்லை. இரண்டு தரம் வழுக்கியது. அப்போது மகன் குனிந்து பேணியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திருப்பினேன்.

"உஸ்."

அவர் உயிரோடு இருந்த காலத்துக் காற்று அது. மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேணியை அவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே புகையிலை தூளாகவில்லை. கறுப்பும் மண்ணிறமுமாக, தொட்டால் குளிர்ச்சியாக, நேற்று அடைத்ததுபோல இருந்தது. அவர் செய்வதுபோல மூன்று தடவையாகச் சுங்கானில் இட்டேன். முதல் தரம் பிள்ளையின் கையால் அமர்த்துவதுபோல, பிறகு பெண்ணின் கையால், கடைசியில் ஆணின் கையால் என்று அவர் சொல்லுவார். நெருப்புப் பெட்டியையும் பக்கத்தில் வைத்து, அதையும் கொஞ்சம் திறந்து வைத்தேன். இனி ஒரு குறையும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நடையில் நின்றோம். மருமகள் மெல்ல, "மாமி, உள்ளுக்கை என்ன நடக்கும்?" என்று கேட்டாள். "எனக்கும் அதுதான் பிள்ளை தெரியவேணும்" என்றேன்.

திரும்பப் போனபோது எல்லாம் வைத்தபடியே இருந்தது. சோற்றையும் கறியையும் பகிர்ந்து சாப்பிட்டோம். சுங்கான் மட்டும் இலையோரம் கிடந்தது.

"இதை என்ன செய்யிறது?" என்றான் மகன்.

"படைச்சதை எறியிறதோ? பத்தவேணும்."

"எனக்குப் பழக்கமில்லை."

"எனக்கிருக்கு" என்று சொல்லி எடுத்தேன்.

சுருட்டை விட்டுப் பத்து வருடத்துக்கும் மேலே. ஆனாலும் வாய் மறக்கவில்லை. அவருடைய கதிரையில் போய் இருந்து, நெருப்பைக் காட்டி மெல்ல இழுத்தேன். இனிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கசப்பு, கரி, விறகடுப்பின் மேல் தொங்கவிட்டுப் புகைபோட்ட இலையின் காரம். பழைய தோற்பெட்டியை நக்கியதுபோல. இன்னொரு இழுப்பு. அதே கசப்புத்தான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இவ்வளவு காலம் வைத்து இதுவும் பழுதாகிவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தபோது, எதிரே சோபாவில் மகன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

"அப்பான்ரை மணம்" என்றான்.

"எங்கை? எனக்கொண்டும் மணக்கேல்லையே."

"அறை முழுக்க மணக்குது அம்மா. சீனிப் பாணி காய்ச்சினது மாதிரி."

நான் சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூக்கை நீட்டிப் பார்த்தேன். வாய் முழுக்கக் கசப்பு நிறைந்திருந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. எழும்பிப் போய் மகனிடம் கொடுத்தேன்.

"இந்தா, நீ பத்து. நான் அங்கை இருக்கிறன்."

அவன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணீர் வர இருமினான். சுங்கானும் அணைந்துவிட்டது. அப்போது மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இஞ்சை தாங்கோ" என்று வாங்கி, அந்தக் கதிரையில் இருந்து, பற்றவைத்து, அளவாக ஒரு இழுப்பு இழுத்தாள். இருமவில்லை. மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை செய்யிற கந்தோரிலை எல்லாரும் பத்துறவை" என்றாள் அவள், ஒருவரையும் பார்க்காமல்.

நான் என் பழைய இடத்தில், சோபாவில் போய் இருந்தேன். தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்ததால் கொஞ்ச நேரம் சென்றது. பிறகு வந்தது. அதே வாசம்தான், ஒரு குறையும் இல்லை. யன்னல் பக்கமிருந்து எழும்பி, திரைச்சீலையில் தட்டி, என்னிடம் வந்தது. பனங்கட்டிதான். பனங்கட்டியேதான்.

"பிள்ளை, உனக்கு இனிப்பா மணக்குதோ?"

அவள் வாய்க்குள் புகையை வைத்து யோசித்தாள். அவரும் அப்படித்தான் யோசிப்பார்.

"இல்லை மாமி. இதிலை இனிப்பே இல்லை. கசக்குது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானும் பிழையாகச் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. பிடிக்கிறவருக்குக் கசப்பு, எதிரே இருக்கிறவருக்கு மணம். நான் அத்தனை வருடமாக மணந்ததை அவர் ஒருநாளும் மணந்திருக்க மாட்டார். ஒரு மாலையாவது கதிரையை மாற்றி இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் விளங்கியிருக்கும். எங்களுக்கு அது தோன்றவில்லை.

மகன் என் பக்கத்தில் வந்து இருந்தான். பேணி மேசையில் திறந்தபடி கிடந்தது. இனி அது காயத் தொடங்கிவிடும். இன்னும் எத்தனை மாலைக்குப் போதும் என்று நான் அளந்து பார்க்கவில்லை.

"கெதியா இழுக்காதை பிள்ளை" என்றேன் மருமகளிடம். "ஆறுதலா இழு. அவசரமில்லை."